கேள்வியை அவனிடம் கேளுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து எங்கள் வேலைப் பயிற்சிக்கு வரும் பார்வையற்ற இளைஞர்களை அம்மாவோ அக்காவோதான் கைப்பிடித்து அழைத்து வருகிறார்கள். "பெயர் என்ன தம்பி?" என்று கேட்டால் அம்மா பதில் சொல்கிறார்.

வேலைக்குத் தயார்ப்படுத்துவது என்றால் கணினி கற்றுக்கொடுப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். கணினி அவ்வளவு கஷ்டமில்லை. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006இல் எழுதத் தொடங்கிய என்விடிஏ திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள், இலவசமாகவே கிடைக்கிறது. பழகிய பிள்ளைகள் அதன் குரலை ஓடவிடும் வேகத்துக்கு என் காது ஈடுகொடுப்பதில்லை.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இருபது வயதாகியும் கடையில் ஒரு சாமான் வாங்கியிராத பிள்ளைகள் உண்டு. அதனால் பணத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு ரிங்கிட்டும் ஐந்து ரிங்கிட்டும் வழுக்கும் பிளாஸ்டிக் தாள். பத்திலிருந்து மேலே காகிதம். ஒன்றைவிட ஐந்து ஒரு விரற்கடை நீளம். விரலால் அளந்து பிரித்து, ஐந்தை ஒரு மடிப்பாகவும் பத்தை இரண்டு மடிப்பாகவும் வைத்துக்கொள்ளப் பழக்குகிறேன். பிறகு வெள்ளைக் கோலோடு சாலையோர ஒட்டுக்கடைக்குப் போய்த் தேநீர் குடித்து, மீதிச் சில்லறையைத் தடவி எண்ணி வாங்கி வரவேண்டும். யாரும் கூடப் போகக்கூடாது.

மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் பார்வையற்றோர் வேலை செய்யும் மசாஜ் நிலையங்களும் இருக்கும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸைச் சொல்லி, "மசாஜ் வேலைக்கு அனுப்பிவிடலாமா டீச்சர்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. கௌரவமான தொழில்தான். ஆனால், பிள்ளைக்கு அதில் விருப்பமா என்று யாரும் கேட்பதில்லை.

ஈப்போவில் ஒரு நேர்முகத் தேர்வுக்கு ஒரு தம்பியோடு போயிருந்தேன். அதிகாரி என்னைப் பார்த்து, "இவர் எப்படி வேலைக்கு வருவார்? கழிவறைக்கு யார் கூட்டிப் போவார்கள்?" என்றார். நான் வாயே திறக்கவில்லை. பஸ்ஸில் வருவேன், கழிவறையை ஒரு தடவை காட்டினால் போதும் என்று தம்பியே நல்ல மலாயில் சொன்னான். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து, பலமுறை பேசிப் பார்த்திருந்தோம். அடுத்து ஒரு பாரத்தைக் கணினியில் நிரப்பச் சொன்னார்கள். அது படமாக எடுத்துப் போட்ட பாரம். திரைவாசிப்பானுக்கு அதில் ஓர் எழுத்தும் கிடைக்கவில்லை. தம்பிக்கு வேலையும் கிடைக்கவில்லை.

அரசாங்க வேலைகளில் 1 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு என்ற கொள்கை இருக்கிறது. 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் வந்தது. வேலையில் பாகுபாடு காட்டும் முதலாளிக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை. இது எனக்குப் பெரிய ஆற்றாமை.

இப்போது பெற்றோருக்கும் தனியாக வகுப்பு வைக்கிறேன். பிள்ளையிடம் கேட்ட கேள்விக்குப் பிள்ளையே பதில் சொல்லும்வரை பொறுத்திருக்கப் பழகுவதுதான் பாடம். அவர்களுக்கு அது பெரும்பாடாக இருக்கிறது. தம்பிக்கு இன்னோர் இடத்தில் நேர்முகத் தேர்வு வந்திருக்கிறது. "தனியாகப் பஸ்ஸில் அனுப்பமாட்டேன்" என்கிறார் அவன் அம்மா. நானும் விடுவதாக இல்லை.