2021 முதல் 2024 வரை

2025 பெப்ரவரி 3, திங்கள்

வேலை விண்ணப்பத்துக்கு முடிவுத் திகதி 14. சீவி (சுயவிபரக் கோவை) இன்னும் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தின லீவு, போட்டோ கொப்பிக் கடை பூட்டு. மச்சாள் மாதிரிக்குத் தன் சீவியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தா. திறந்தால் தமிழ்ப் பகுதி முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது, என் கணினியில் பாமினி இல்லை. இதே கோப்பைத்தானே இவ்வளவு காலமும் எல்லா இடத்துக்கும் அனுப்பினா? எத்தனை பேர் திறந்து பார்த்துவிட்டு மூடினார்களோ. நெஞ்சு கனத்துப் போனது. "யுனிகோட்டில அடிச்சு, பீடிஎப் ஆக்கி அனுப்புங்க மச்சாள்" என்று மட்டும் எழுதினேன்.

பெப்ரவரி 6, வியாழன்

பிறந்த திகதி, மதம், திருமண நிலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடையாள அட்டை இலக்கத்தையும் எடுத்தேன். அதை விட்டுவைத்தால் மற்றதை எடுத்து என்ன பயன்? முதல் நான்கு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். தெரிந்தவன் ஒரு பார்வையில் வயதைச் சொல்லிவிடுவான்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "இலக்கம் இல்லாம ஆர் நம்புவான்?" என்றார். கேட்டால் கொடுப்பேன்.

பெப்ரவரி 7, வெள்ளி

2018 முதல் 2021 வரை சம்மாந்துறை அரிசி ஆலையில் கணக்கு உதவியாளர். சரி. அதற்குக் கீழே?

"குடும்பக் காரணம்" என்று போட்டால் ஏதோ வீட்டுச் சண்டை போலிருக்கிறது. "சுயதொழில் எண்டு போடு, ஆர் வந்து பாக்கப் போறா" என்று சின்னம்மா சொன்னா. பொய் எழுத மாட்டேன். வருடங்களைக் கலைத்து, தெரிந்த வேலைகளை மேலே போட்டு, இடைவெளி கண்ணில் படாமல் செய்யும் மாதிரிகளும் இருக்கின்றன. அதையும் அடித்துப் பார்த்தேன். முதல் பார்வைக்கே ஒளிக்கிறாள் என்று தெரிகிறது.

அப்பாவின் பிரஷரை எழுதிவைத்த சீஆர் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். திகதி, காலை பிரஷர், மாலை பிரஷர், குளிசை, கிளினிக். என் கையெழுத்தில் பக்கம் பக்கமாக, விடுபட்ட நாள் இல்லை. 2022 இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் எந்த பார்மசியில் எந்த மருந்து கிடைத்தது, என்ன விலை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். ஆலையில் சில்லறைக் காசேட்டைக்கூட நான் இவ்வளவு வடிவாக வைத்திருக்கவில்லை. இதற்குச் சீவியில் ஒரு வரி கிடையாதா?

பெப்ரவரி 9, ஞாயிறு

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. நாடு முழுக்கவாம். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாக அமைச்சர் சொன்னாராம். மடிக்கணினியில் பற்றரி கொஞ்சம்தான், மூடி வைத்தேன்.

அப்பா கதிரையை இழுத்துப் போடச் சொன்னார். "கேள்வி நான் கேக்கிறன்" என்றார். வார்த்தைகள் இன்னும் மெதுவாகத்தான் வருகின்றன. உங்களைப் பற்றிச் சொல்லுங்க என்றார். சொன்னேன். பலம் என்ன, பலவீனம் என்ன, எல்லாம் கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "2021 இல ஏன் வேலைய விட்டீங்க?" என்றார். நீங்க என்று. என்னைப் பிறந்த நாளிலிருந்து நீ என்று கூப்பிட்டவர்.

எனக்கு வாய் வரவில்லை.

"என்னப் பாத்த எண்டு சொல்லு புள்ள. எனக்கென்ன வெக்கம்?"

பெப்ரவரி 10, திங்கள்

எழுதிவிட்டேன். "2021–2024: பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்ட தந்தையின் முழுநேரப் பராமரிப்பு. தற்போது முழுநேர வேலைக்குத் தயார்." இவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லை.

இன்னொரு பயம். நான் ஆலையை விடும்போது வற் (பெறுமதி சேர்) வரி 8 வீதம். 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. நான் பிரஷர் குறித்துக்கொண்டிருந்த காலத்துக்குள் எல்லாம். இருந்து படித்தேன். நடுவில் ஒன்றரை மணித்தியாலம் மின்வெட்டு, அப்புறம் மறுபடியும் படித்தேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். அம்மா கோயிலுக்குப் போய்விட்டா. சீவியில், என்னைப் பற்றிச் சொல்ல உறவினர் அல்லாத இருவர் வேண்டும். ஒருவர் வந்தாறுமூலையில் படிப்பித்த சேர். மற்றவர் ஆலை முதலாளி. கேட்காமல் பெயரைப் போடுவது மரியாதையில்லை என்று போன் எடுத்தேன். "தாராளமாப் போடுங்க தங்கச்சி. வாப்பாக்கு இப்ப சுகமா?" என்றார். முதல் கேள்வியே அது.

பெப்ரவரி 13, வியாழன்

அனுப்பினேன்.

பெப்ரவரி 17

ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 21, வெள்ளி

கூப்பிட்டார்கள்! செவ்வாய் காலை 9 மணி. எழுத்துப் பரீட்சை, பிறகு நேர்முகப் பரீட்சை.

பெப்ரவரி 23, ஞாயிறு

ஒரு பிரச்சினையைத் தீர்த்த சம்பவம் கேட்பார்களாம். ஆலைக் கதையைத் தயார் பண்ணினேன். நெல் கொள்வனவுக் காசு ஒவ்வொரு வாரமும் கூடிக்கொண்டே போனது. தராசுத் துண்டையும் கொடுப்பனவு வவுச்சரையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். 14 வீதத்துக்கு மேல் ஈரமான நெல்லுக்குக் கழிவு துண்டில் இருந்தது, வவுச்சரில் இல்லை. அன்றிலிருந்து துண்டை வவுச்சரோடு பின் அடித்தால்தான் காசு. நிலைமை, என் பொறுப்பு, செய்தது, பலன். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிறது.

பெப்ரவரி 25, செவ்வாய்

வெள்ளன வெளிக்கிட்டு கல்லடிப் பாலத்தால் பஸ்ஸில் போனேன். பரீட்சைக்கு வங்கிக் கணக்கிணக்கக் கூற்று, சேமலாப நிதி. ஊழியர் 8 வீதம், தொழில்தருநர் 12, நம்பிக்கை நிதி 3. அழகாக முடிந்தது.

உள்ளே மூன்று பேர். ஈர நெல் கதையை அவர்களில் ஒரு அம்மா விரும்பிக் கேட்டா, பின் அடித்த இடத்தில் தலையாட்டினா. பிறகு ஓரத்தில் இருந்தவர், கலியாணம் கட்டினால் வேலையை விடுவீங்களா என்றார். சீவியில் நான் எடுத்ததை வாயால் கேட்டார். விட மாட்டேன் என்றேன். விடவில்லை அவர்: "வீட்டில அப்பாவப் பாத்தது அனுபவம் இல்லையே?"

"அனுபவம் என்ற தலைப்பில் நான் அதைப் போடவில்லை சேர். கணக்கு எழுதுகிறவள், வருடங்களைக் காட்டாமல் விட முடியாது."

குரல் நடுங்கவில்லை. கைதான் மேசைக்குக் கீழே நடுங்கியது.

பெப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. முழு ஊரும் முழித்திருக்கிறது. நானும் தான், வேறு காரணத்துக்கு. அந்தக் கேள்வியை ஓர் ஆணிடம் கேட்பார்களா?

மார்ச் 3, திங்கள்

இல்லை.

மார்ச் 5, புதன்

அப்பா இன்று தானே கொப்பியை எடுத்துக் காலைக் கணக்கை எழுதினார். 130/85. எழுத்து கோணல், எண் சரி.

மார்ச் 6, வியாழன்

வேறொரு இடத்தில் விளம்பரம். முடிவுத் திகதி 20. களவேலை, மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் கட்டாயமாம். சித்தப்பாவின் பைக் சும்மாதான் நிற்கிறது. நாளைக்குக் கேட்க வேண்டும், லைசன்ஸ் மெடிக்கலுக்கு என்னென்ன கொண்டு போவது என்றும்.