செடியடியில் காத்திருந்து எடுக்கும் படங்கள்

யாழ்ப்பாணத்தில் வண்ணத்துப்பூச்சி தேடி அலையத் தேவையில்லை. செடியைத் தெரிந்துவைத்தால் போதும். எருக்கலை நிற்கும் வெறுங்காணியில் பிளேன் டைகர் என்னும் வண்ணத்துப்பூச்சி பறக்கும். பெண் பூச்சி முட்டையிட அங்கேதான் வரும். தேசியும் கறிவேப்பிலையும் நிற்கும் வளவில் லைம், கொமன் மோர்மன் என்னும் வகைகள். ஆடுதின்னாப்பாளை படர்ந்த பற்றைகளில் கிரிம்சன் ரோஸ். காய்ந்த தேள்கொடுக்குச் செடியைக் கண்டால் விட்டுப் போகாதீர்கள். ஆண் டைகர்கள் பெண்ணைக் கவரும் மணத்தை உண்டாக்க அதிலிருந்துதான் சாறு உறிஞ்சுகின்றன. அந்த நேரத்தில் ஓரடிக்குள் போனாலும் பெரும்பாலும் எழும்பாது.

மாரி மழை ஓய்ந்து செடிகள் தளிர்த்திருக்கும் தை, மாசி நல்ல காலம். சோளகம் என்னும் தென்மேல் காற்று வீசும் மாதங்களில் பூ ஆடிக்கொண்டே இருக்கும்; காற்று ஏறுமுன் காலையில் முடித்துவிட வேண்டும். காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் பூச்சி உடலைச் சூடாக்கச் சிறகை விரித்து வெயில் காயும். அதன் மேல் உங்கள் நிழல் விழுந்தால் பறந்துவிடும். பக்கவாட்டு அசைவும் அதற்குச் சட்டென்று தெரியும். குனிந்து, நேராக, மெதுவாக நெருங்குங்கள்.

சிறிய பொருட்களைக் கிட்ட இருந்து எடுக்கும் 100 மிமீ மக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது; 70–300 சூமும் போதும். லென்ஸின் துவாரம் எஃப் 8, ஷட்டர் வேகம் 1/500 செக்கன், ஒளியுணர்திறன் (ஐஎஸ்ஓ) 400 முதல் 800 வரை வைத்துத் தொடங்கலாம். கிட்ட இருந்து எடுக்கும்போது சில மில்லிமீற்றர் ஆழமே கூர்மையாக வரும். ஒரு சிறகு தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் விழுவது இதனால்தான். சிறகின் தளத்துக்குச் சமாந்தரமாகக் கமராவைப் பிடித்து, கண்ணில் போகஸ் வையுங்கள். வெள்ளைப் பூச்சிகளுக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் எடுக்கும் ஒளியை, 2/3 ஸ்டொப் குறையுங்கள். டனெய்ட் எக்ஃப்ளை என்னும் கறுப்புச் சிறகுப் பூச்சியின் ஆணுக்கும் அப்படியே: கறுப்பைப் பார்த்து கமராவின் ஒளிமானி ஒளியைக் கூட்டிவிடும், வெண்புள்ளிகளைச் சுற்றிய ஊதா மினுக்கம் போய்விடும். அது பறந்தாலும் பின்னால் ஓடாதீர்கள், பெரும்பாலும் அதே கொப்புக்குத் திரும்பி வரும்.

உடலும் படத்தில் விழட்டும். மோர்மன் பெண்களில் ஒரு வகை கிரிம்சன் ரோஸ் போலவே சிறகு கொண்டது. உடல் சிவப்பென்றால் ரோஸ், கறுப்பென்றால் மோர்மன். சிறகை மட்டும் எடுத்தவர்கள் இதில் தடுமாறுவார்கள்.

எனக்குப் பிடித்தது இடமும் சேர்ந்து தெரியும் படம்தான். வடமராட்சிக் கரையில் மணற்காடு என்னும் ஊரின் மணல்மேடு, நெடுந்தீவின் கல்வேலி, பின்னால் பனங்கூடல். இதற்கு 24 மிமீ லென்ஸோ போனோ எடுத்து, பூவுக்கு ஒரு சாண் தூரத்தில் முன்கூட்டியே போகஸ் வைத்துக் காத்திருக்க வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் படத்தைக் கண்டவுடன் எந்த ஊரென்று சொல்லிவிடலாம். மணற்காட்டில் மட்டும் வெளியில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். நுண்மணல் கமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சரில் ஒட்டினால் துணியால் துடைக்கக்கூடாது, கீறல் விழும். ஊதுபந்தால் ஊதி எடுங்கள்.