ஊதிப் பார்த்துப் பெயர் வைத்தோம்

சன்னபட்டணத்தில் ரயிலை விட்டு இறங்கும்போது காலை ஒன்பதரை. பெங்களூரில் இருந்து மைசூர் போகும் வழியில் சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிற, அரக்குப் பூசிய மரப் பொம்மைகளுக்குப் பெயர் போன ஊர். பையில் ஒரு நோட்டு. அதில் நான்கு விசில்களை வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பறவையின் பெயர் எழுதியிருந்தேன். இன்னொரு பொட்டலத்தில் 12 பித்தளைப் பூண்கள், நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறை ஒன்றில் சொல்லிக் கடைந்து வாங்கியவை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளை ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கக் கூட்டிப் போகிறேன். மூன்று பேருக்கு ஒரு அணி. புதருக்குள் பிரிந்து போனால், தன் அணியைக் கூப்பிட ஆளுக்கொரு விசில் வேண்டும். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் விசில் ஏரியையே கிழித்தது. அதனால்தான் மரத்தைத் தேடி வந்தேன்.

பட்டறை வாசலில் பட்டை உரித்த கட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு மூன்று மாதமாவது காய வேண்டுமாம். "ஹாலெ மர" என்றார் பட்டறைக்கார பாய். தந்தம் போல வெளுத்த, ரேகையே தெரியாத மரம். கன்னடத்தில் பால் ஹாலு ஆகும், பள்ளி ஹள்ளி ஆகும். அப்படியானால் ஹாலெ? பாலை! எங்கள் பாட்டி இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைப்பாளே, எண்ணெய் ஊதா நிறத்துக்கு மாறுமே, அதே வெட்பாலை. பாட்டியின் மருந்து மரம் இங்கே பொம்மை மரமாக இருந்ததைப் பார்த்து அந்தக் கட்டையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கைவினைஞர்கள் வந்து கற்றுக்கொடுத்த தொழில் என்று ஊரில் சொல்கிறார்கள். 2005-06ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் எனக்கு மனதில் நிற்பது அரக்குப் பூசும் அந்த அரை நிமிடம்தான். கடைசல் இயந்திரத்தில் மரம் சுழல்கிறது. பாய் அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மஞ்சள் திட்டுத் திட்டாக ஒட்டுகிறது. உடனே ஒரு காய்ந்த தாழை மடலை மடித்து வைத்து அழுத்துகிறார். திட்டுகள் பரவி ஒன்றாகி, கண்ணாடி போல மினுங்குகிறது. பிரஷ் கிடையாது, காயவைக்கும் வேலையும் கிடையாது. மஞ்சள், அவுரி என்று செடிச் சாயம் கலந்த அரக்கைத்தான் கேட்டு வாங்கினேன். வாய் வைக்கும் இடத்தை மட்டும் வெறும் மரமாகவே விடச் சொன்னேன். குழந்தைகள் கடிக்கிற பொருளுக்கு அதுதான் சரி.

என் படத்தில் ஒரு பிழை இருந்தது. காற்று வெளியேறும் வாயை நான் 9 மில்லிமீட்டருக்கு வரைந்திருந்தேன். முதல் விசிலை ஊதினால் வெறும் 'ஹ்ஹ்ஹ்'. உள்ளிருந்து காற்று வரும் துளைக்கும் எதிர் விளிம்புக்கும் இடைவெளி கூடினால் காற்று விளிம்பில் மோதுவதற்குள் சிதறிவிடுகிறது. பாய் அடுத்ததில் பாதியாகக் குறைத்து, விளிம்பை உளியால் கத்தி முனை மாதிரி சீவினார். சுத்தமான சத்தம்.

அந்த விசிலுக்கு நோட்டில் நான் எழுதியிருந்த பெயர் செம்போத்து. ஆனால் அதில் வந்தது கீச்சுக் குரல். "ஊதிப் பாருங்க சார், பேரு அப்புறம் வெக்கலாம்" என்றவர், அடித்துளையைக் கட்டைவிரலால் மூடினார். குரல் ஒரு ஸ்தாயி இறங்கிவிட்டது. பிறகு 20 சென்டிமீட்டர் நீளத்தில், அடி மூடிய குழலாக ஒன்று கடைந்தார். 'ஊப் ஊப்' என்று நெஞ்சுக்குள் கேட்டது. செம்போத்து அதுதான்.

12 சென்டிமீட்டரில் அடி மூடிய இன்னொன்றை நான் மைனா என்று எழுதிவைத்திருந்தேன். விட்டுவிட்டு ஊதினால் 'டுக் டுக் டுக்'. செம்புப் பாத்திரம் தட்டுவது போலக் கூவும் குக்குறுவான் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. நோட்டில் மைனா என்ற பெயரை அடித்துவிட்டேன். எச்சில் ஈரத்தில் மரம் ஊறிப் பிளக்காமல் இருக்கத்தான் வாய் வைக்கும் இடத்தை ஒட்டிப் பூண் போட்டோம். ஆனால் பித்தளை மினுங்கும் அந்த விசிலுக்குத் பாத்திரம் தட்டும் குரல் கொண்ட பறவையின் பெயர் அமைந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றாவது குட்டையானது, கூர்மையான குரல். மீன்கொத்தி என்ற பெயர் மாறவே இல்லை.

நான்காவதில் அடியில் ஒரு குச்சி உண்டு. ஊதிக்கொண்டே உள்ளே தள்ளினால் குரல் ஏறும். படிப்படியாக ஏறிக் கூவும் அக்காக்குயிலை நினைத்து வரைந்தது. இரண்டாம் நாள் மாலை பாயின் பேத்தி அதை எடுத்து, குச்சியை ஒரே தள்ளாகத் தள்ளி ஊதினாள். உள்ளிருந்து பாட்டி எட்டிப் பார்த்து, "கோகிலெ!" என்றார். பேத்தி மறுபடி ஊதினாள். குயிலேதான்.

நோட்டைத் திறந்து அக்காக்குயிலை அடித்துவிட்டு, பக்கத்தில் தமிழ் எழுத்தில் கோகிலெ என்று எழுதிக்கொண்டேன். அந்த அணிப் பிள்ளைகள் இப்போது தங்களைக் கோகிலெக்காரர்கள் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.