கொலஸ்ட்ரால் இல்லை, கோலினெஸ்டரேஸ்

அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. எங்களை அலையவிட்டது அதற்கு முன்னால் எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனைதான்.

இருபது வருடத்துக்கு முன் அத்தைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். முடிந்தும் மூச்சு திரும்பவில்லை, விடியும்வரை வென்டிலேட்டர். 'மயக்க மருந்து ஒத்துக்கலை' என்று வீட்டில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நாங்கள் ஆரிய வைசியர்கள். எங்களில் சிலருக்கு சூடோகோலினெஸ்டரேஸ் என்ற நொதி பிறவியிலேயே இருக்காது. அதற்கான மரபணு மாற்றத்தை 2006-லேயே எழுதிவிட்டார்கள். மயக்கம் கொடுத்து மூச்சுக்குக் குழாய் போடும்போது தசையைத் தளர்த்தப் போடுகிற சக்சினைல்கோலினை உடைப்பது இந்த நொதிதான். மற்றவர்களுக்கு ஐந்து பத்து நிமிடத்தில் தெளிவது, இவர்களுக்கு மணிக்கணக்காகும். அத்தைக்கு இந்தக் குறை இருந்தால் கூடப்பிறந்த அப்பாவுக்கும் இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

மயக்க டாக்டர் அத்தை கதையைக் கேட்டதுமே அந்த நொதியை அளக்க டெஸ்ட் எழுதிவிட்டார். லேப் கவுன்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்து, "வெறும் வயித்துல வாங்க" என்றார். மறுநாள் அப்பா பட்டினியோடு போய் ரத்தம் கொடுத்தார். மாலையில் ரிப்போர்ட்டைப் பிரித்தால் எல்டிஎல், ஹெச்டிஎல்! கோலினெஸ்டரேஸ் என்று எழுதியதைக் கொலஸ்ட்ரால் என்று பில் போட்டிருக்கிறார் மனுஷன். எழுத்தெழுத்தாகச் சொன்னதும், "சார், இது பூச்சிமருந்து குடிச்சவங்களுக்கு எடுக்கிறது. பெரியவர் என்ன குடிச்சார்?" என்று சத்தமாகவே கேட்டார். வரிசையே திரும்பிப் பார்த்தது.

"காப்பி" என்றார் அப்பா.

சரியான டெஸ்ட் எடுத்துப் பார்த்தால், குறைந்தது ஐயாயிரமாவது இருக்க வேண்டிய நொதி அளவு, அப்பாவுக்கு இருநூறுகூட இல்லை.

ஆபரேஷனுக்கு வேறு மருந்து இருக்கிறது, அது பிரச்சினையில்லை. குழாயை எடுத்த பிறகு ஐசியூவில் நடுராத்திரி மூச்சுத் திணறி, அவசரமாக மறுபடி குழாய் போட வேண்டி வந்தால் டியூட்டி டாக்டர் கை சக்சினைல்கோலினுக்குத்தான் போகும் என்றார் டாக்டர். கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதியும் வைத்தார். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். ஐசியூவுக்கு மாற்றியபோது அந்தத் தாள் பழைய ஃபைலிலேயே தங்கிவிட்டது. சிஸ்டரிடம் பிளாஸ்டர் வாங்கி, 'சக்சினைல்கோலின் கூடாது' என்று எழுதிக் கட்டில் தலைமாட்டில் நானே ஒட்டினேன். ராத்திரி வந்த டாக்டர் அதைப் படித்துவிட்டுத்தான் அப்பாவையே பார்த்தார்.

அடுத்து சித்தப்பாவுக்கு எடுக்க வேண்டும். "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று நழுவிக்கொண்டே இருக்கிறார்.