மூன்று படி இறங்காமல்

டிசம்பர் 24, 2023, ஞாயிறு

வெள்ளம் வடிந்து நாலு நாளாகிறது. 17, 18 இரண்டு நாளும் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டராம். இங்கே அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவுக்கு ஆற்றுத்தண்ணீர் வரவில்லை. ஆனால் புறவாசல் முழுக்கக் குளமாகி, கக்கூஸ் கோப்பையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் கொப்பளித்து மேலே வந்தது. மூன்று நாள் எதிர்வீட்டுக்குத்தான் அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனோம்.

நேற்று ராத்திரி அத்தைக்கு மாத்திரை போட ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே நீட்டினார்கள். "குடிச்சா ராத்திரி பொறவாசலுக்கு எறங்கணும்லா, தாயி." எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். இரண்டு வருஷமாகவாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீரே தொடுவதில்லையாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியாமல் போயிருக்கிறது. தூக்கம் வரவில்லை.

பாத்ரூமை மாற்றிக் கட்டப் போகிறோம். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஜனவரியில் முதிர்கிறது, 1,80,000 ரூபாய். அந்தப் பணத்துக்குள் முடிக்க வேண்டும்.

டிசம்பர் 27, புதன்

மார்கழியில் வேலை தொடங்கக்கூடாது என்றார் இவர். அளக்கலாம் அல்லவா? டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வீடு இவருடைய தாத்தா கட்டியது. சுண்ணாம்புக் காரை, மேலே தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். சுவர் 18 இஞ்ச். கக்கூஸும் குளிக்கிற ரூமும் 1974-ல் மாமா சேர்த்தது. வீட்டின் பின்சுவரில் ஒட்டி, சிமெண்டில், காங்கிரீட் கூரை போட்டு. குளிக்கிற ரூம் 5 அடி, கக்கூஸ் 3 அடி, நடுவில் நாலரை இஞ்ச் சுவர். ஆழம் இரண்டுக்கும் 5 அடி. இரண்டு கதவுமே புறவாசலைப் பார்த்து இருக்கின்றன.

அத்தை படுக்கிற அறைக்கும் இந்த ரூமுக்கும் நடுவில் இருப்பது அந்த 18 இஞ்ச் சுவர் ஒன்றுதான். கட்டிலிலிருந்து கையை நீட்டினால் தொடலாம். ஆனால் போவது எப்படி? பட்டாசல் (கூடம்), அடுக்களை தாண்டி, புறவாசல் கதவைத் திறந்து, மூன்று படி இறங்கி, வெளியே நடந்து, மறுபடி இரண்டு படி ஏறி. அளந்தேன், 46 அடி. 78 வயசில், இருட்டில், ஒரு கையில் டார்ச்சோடு.

டிசம்பர் 31, ஞாயிறு

கொத்தனார் வந்தார். இந்தத் தெருவில் பாதி வீடுகளுக்குக் கை வைத்தவர். வந்ததும் டைல்ஸ், கலர் என்று ஒன்றும் பேசவில்லை. சுவரை விரலால் தட்டிக்கொண்டே போனார். பழைய சுவருக்கு ஒரு சத்தம், 74-ல் கட்டியதற்கு இன்னொரு சத்தம்.

"மதினி, இந்தக் காரைச் சுவர்ல பைப்புக்குக் காடி வெட்டக்கூடாது. வெட்டுனா பொலபொலன்னு கொட்டும். தண்ணி சம்பந்தப்பட்ட எல்லாத்தையும் அந்தப் பக்கச் சுவர்ல வச்சுக்கிடுவோம்."

காரணமும் சொன்னார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே இழுத்து, பிறகு காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி டைல்ஸை ஒட்டி மூச்சை அடைத்தால், ஈரம் டைல்ஸ் முடிகிற இடத்துக்கு மேலே ஏறி உப்பாகப் பூத்து உதிரும். எங்கள் அடுக்களையில் பத்து வருஷமாகப் பொரிந்துகொண்டே இருக்கிற சுவரின் காரணம் இன்றைக்குத்தான் விளங்கியது. அங்கே நாங்கள்தான் சிமெண்ட் பூசினோம்.

ஆக ஏற்பாடு இது. நடுச்சுவரை எடுத்துவிட்டு 8 அடிக்குக் கொஞ்சம் மேல் நீளம், 5 அடி அகலத்தில் ஒரே அறை. அத்தை அறையிலிருந்து பின்சுவரை உடைத்து 3 அடி வாசல். தெற்குக் கோடியில் கோப்பை, வடக்குக் கோடியில் குளியல், நடுவில் வாசல். நாளைக்கு அத்தைக்குச் சக்கர நாற்காலி வந்தாலும், அது ஒரு சுற்றுத் திரும்ப 5 அடி வட்டம் வேண்டும். அந்த 5 அடி சரியாக இருக்கிறது.

சுவரை உடைப்பதுதான் என் பயம். மேலே உத்திரம் உட்கார்ந்திருக்கிற சுவர் அது. அவர் ஒரே மூச்சில் உடைக்க மாட்டாராம். முதலில் 9 இஞ்ச் ஆழத்துக்கு மட்டும் மேலே குடைந்து, வாசலுக்கு மேல் சுவரைத் தாங்குகிற லிண்டலைச் செருகி, இரண்டு பக்கமும் முக்கால் அடி சுவர் மேல் தாங்கவிட்டு, அது இறுகிய பிறகு அந்தப் பக்கத்துப் பாதி. இரண்டு லிண்டலும் நின்ற பிறகுதான் கீழே வாசலைத் திறப்பது. உத்திரம் எதுவும் வாசலுக்கு நேர் மேலே வரக்கூடாது என்று மச்சில் ஏறிப் பார்த்து இடத்தை அரை அடி வடக்கே தள்ளினார். அதற்குப் பிறகுதான் எனக்கு மனசு அடங்கியது.

ஜனவரி 3, புதன்

கழிவுத்தொட்டி. இதைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிப்பதில்லை. எனக்கு இதுதான் முதல் வேலை. கீழே அடைத்துக்கொண்டு மேலே பளிங்கு பதித்து என்ன புண்ணியம்?

மூடியைத் திறந்து பார்த்ததில் தொட்டிச் சுவர் நன்றாகத்தான் இருக்கிறது. தொட்டித் தண்ணீரை மண்ணுக்குள் விடுகிற உறிஞ்சுகுழிதான் செத்துவிட்டது. ஐம்பது வருஷத்துச் சேறு. மழையில் நிலத்தடி நீர் ஏறியதும் அங்கே போக இடமில்லாமல் கோப்பை வழியாகத் திரும்பியிருக்கிறது. இதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. குழிக்கும் கிணற்றுக்கும் 28 அடிதான். குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் 60 அடியாவது வேண்டும். நாங்கள் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தொடங்கி வெகுநாளாகிறது, என்றாலும் அந்தக் கிணற்றில்தான் இன்றும் பாத்திரம் கழுவுகிறோம். புதுக் குழியைப் புறவாசல் கடைசியில், தென்னைக்கு அப்பால் கொண்டுபோகச் சொல்லிவிட்டேன். பைப் செலவு கூடும். கூடட்டும்.

தொட்டியைச் சுத்தம் செய்ய ஒரு ஆளை இறக்கிவிடலாம், சல்லிசாக முடியும் என்று ஒருத்தர் சொன்னார். கூடவே கூடாது. 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு மனுஷனை அந்த வாயுவுக்குள் இறக்கி எங்கள் வீட்டுக் காரியம் நடக்க வேண்டாம். உறிஞ்சுகிற லாரிக்குச் சொல்லியாகிவிட்டது.

ஜனவரி 7, ஞாயிறு

இன்று அத்தையிடம் முழுசாகச் சொன்னோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

அத்தை வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "படுக்கற ரூமுக்குள்ளயா கக்கூஸு? அடுத்த ரூம்ல சாமி படம் இருக்கு. நாத்தம் வருமே, ய்யா" என்று மகனைப் பார்த்துச் சொன்னார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தையின் வீம்பு என்று இதைத் தள்ள எனக்கு மனசில்லை. எழுபது வருஷம் வீட்டுக்கு வெளியே என்று பழகிய உடம்பு அது.

கொத்தனார்தான் விளக்கினார். கோப்பையின் வளைவுக்குள் எப்போதும் இரண்டு இஞ்ச் தண்ணீர் நிற்கும். தொட்டியின் வாடை அந்தத் தண்ணீரைத் தாண்டி வராது. தரையில் குளிக்கிற தண்ணீர் போகிற நாஹானி டிராப்பிலும் அதே கதைதான். ஊருக்குப் போய்ப் பத்து நாள் பூட்டிக்கிடந்தால் அந்தத் தண்ணீர் வற்றிவிடும், அப்போதுதான் நாற்றம் வரும். "நீங்க தெனமும் பொழங்குவியள்லா ஆச்சி, பின்ன எப்பிடி வத்தும்?" தொட்டியின் காற்றுக்குழாயையும் கூரைக்கு மேலே உயர்த்திவிடலாம் என்றார்.

அடுத்து, கோப்பை. இவருக்கு இந்தியன் கோப்பைதான் வேண்டும், அம்மாவுக்கு வேறு பழக்கமில்லை என்றார். அதற்கு அத்தை, குரலைத் தாழ்த்தி, "குத்த வச்சு ரெண்டு வருசமாச்சுய்யா. நடுவுல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் ஸ்டூல் ஒண்ணு கதவுக்குப் பின்னால வச்சிருக்கேன்லா" என்றார்கள். அந்த ஸ்டூலை நான் எத்தனையோ தடவை துணி ஊறவைக்கிற ஸ்டூல் என்று நினைத்து நகர்த்தி வைத்திருக்கிறேன். இவர் எழுந்து தார்சாவுக்கு (தாழ்வாரத்துக்கு) போய்விட்டார்.

வெஸ்டர்ன்தான். முடிவாகிவிட்டது.

ஜனவரி 10, புதன்

கோயம்புத்தூரிலிருந்து மகள் வாட்ஸ்அப்பில் இருபது படம் அனுப்பியிருக்கிறாள். கண்ணாடித் தடுப்பு, மழை மாதிரி கொட்டுகிற ஷவர், சுவரில் தொங்குகிற கோப்பை. அழகாகத்தான் இருக்கின்றன. அத்தை வாளியும் செம்புமாகக் குளிப்பவர்கள். வாளியை முக்காலடி உயரத் திண்டில் வைத்தால் குனிய வேண்டாம், குழாயை அதற்கேற்ப உயர்த்தினால் போதும். கூடவே கையில் பிடிக்கிற ஷவர் ஒன்று, நாளைக்கு நான் குளிப்பாட்டிவிட வேண்டி வந்தால் உதவும். உட்கார்ந்து குளிக்க ஒரு கல்திண்டு. தடுப்பு வேண்டாம்.

ஜனவரி 20, சனி

பொங்கல் கூட்டம் அடங்கியதும் திருநெல்வேலிக்குப் போனோம். டைல்ஸ் கடையில் எல்லாவற்றையும் சுவரில் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். தரையில் போட்டு, ஒரு பாட்டில் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் தெளித்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தேன். கடைப்பையன் முதலில் திகைத்தான், பிறகு அவனே ஏழெட்டு டைல்ஸைக் கீழே அடுக்கித் தந்தான். வழுக்காது என்று அட்டையில் எழுதியிருந்த இரண்டு, சோப்புத் தண்ணீரில் வழுக்கின. கடைசியில் எடுத்தது மேட் ஃபினிஷில் ஓரடிக்கு ஓரடி. சின்ன டைல்ஸாக இருந்தால் இணைப்புக்கோடு அதிகம், காலுக்குப் பிடி கிடைக்கும். சரிவு கொடுக்கவும் அதுதான் வசதி.

கலர் அடர்ந்த சாம்பல். வெள்ளைக் கோப்பை வெள்ளைத் தரையில் அத்தையின் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்று பாக்கி. சாம்பல் தரையில் கோப்பை நிலா மாதிரித் தெரியும்.

ஜனவரி 21, ஞாயிறு

கைப்பிடிக் கம்பி எந்த உயரத்தில்? புத்தக அளவு ஒன்று கொத்தனாரிடம் இருந்தது. அத்தை குள்ளம். அதனால் அத்தையையே அளந்துவிடுவது என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

பட்டாசலில் தரையில் சாக்பீஸால் அறையைக் கோடு போட்டோம். 18 இஞ்ச் உயர நாற்காலி கோப்பையின் இடத்தில். அத்தை வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். சுவருக்குப் பதிலாக ஒரு பலகையைப் பக்கத்தில் நிறுத்தி, "எந்திரிங்க ஆச்சி, கை தானா எங்க போகுதுன்னு பாப்போம்" என்றார் கொத்தனார். கை போன இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு. தரையிலிருந்து 27 இஞ்ச். நான்கு தடவை எழுந்து உட்காரச் சொன்னோம், நான்கு தடவையும் ஒரு விரல் அகலத்துக்குள்ளேயே வந்தது. வாசலருகே நின்று பிடிக்கும் செங்குத்துக் கம்பிக்கும் இப்படியே குறித்தோம். அது காரைச் சுவரில் வருவதால் வெறும் திருகாணி நிற்காது. அந்த இடத்தில் சுவரைக் கொஞ்சம் எடுத்துக் காங்கிரீட் கட்டை பதித்து, அதில்தான் கம்பியை முடுக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டியபின் இதை நினைத்து ஒன்றும் ஆகாது.

கதவு வெளிப்பக்கமாக, அத்தை அறைக்குள் திறக்கும். உள்ளே விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கிற கதவை அந்த உடம்பே அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்தும் திறக்க முடிகிற தாழ்ப்பாளுக்கு ஆசாரியிடம் சொல்லியாயிற்று.

ஜனவரி 23, செவ்வாய்

தரை மட்டம். பழைய பாத்ரூம் தரை வீட்டைவிட 7 இஞ்ச் தாழ்வு. அதைக் குறை என்று நினைத்திருந்தேன், இப்போது அதுதான் வரம். உடைத்த செங்கல்லைப் போட்டு நிரப்பி வீட்டு மட்டத்துக்கு உயர்த்தினால் படியே இல்லை. பைப்புக்கும் சரிவு தாராளமாகக் கிடைக்கும். 110 மில்லிமீட்டர் பைப், அடிக்குக் கால் இஞ்ச் சரிவு. அதற்கு மேல் செங்குத்தாகப் போனால் தண்ணீர் மட்டும் ஓடிவிட்டு மற்றது தங்கிவிடுமாம். கூரை உயரம் ஆறே முக்கால் அடியாகக் குறையும், இவருக்குத் தலைக்கு மேல் ஒரு சாண் இருக்கும். தண்ணீர் வாசல் பக்கம் வராமல் இருக்கத் தரைச் சரிவு வடக்கு மூலைக்கு. நீர்க்காப்புப் பூச்சு அடித்ததும் டிராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு நாளை அவசரத்தில் யாரும் விழுங்கிவிடாமல் நான் காவல் இருப்பேன்.

கரண்ட்காரர் வந்தார். இந்த வீட்டு வயரிங்கில் எர்த்தே இல்லை. கீசருக்குத் தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் வயர், புது எர்த் குழி, கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்துகிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கீசர் ஸ்விட்ச், பாத்ரூமுக்கு வெளியே. இதில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன். ராத்திரிக்குக் கட்டிலிலிருந்தே போடுகிற மாதிரி ஒரு லைட்.

கணக்குப் பார்த்தால் 2,05,000 வருகிறது. சுவர் டைல்ஸைக் குளிக்கிற பக்கம் தவிர மற்ற இடத்தில் 4 அடியோடு நிறுத்தினோம், காரைச் சுவரில் ஒட்டவே இல்லை, அதற்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். ஷவர் செட் சாதாரணமானது. அப்படியும் 1,92,000. மிச்சம் 12,000 இவர் தருகிறார்.

ஜனவரி 26, வெள்ளி

தை 12, வாஸ்து நாள். காலையில் பின்சுவரில் மஞ்சள் குங்குமம் வைத்து அத்தையே முதல் அடி அடித்தார்கள். சுத்தியலை இரண்டு கையாலும் தூக்கி, மெல்ல. கொஞ்சம் காரை உதிர்ந்தது. அந்தக் கட்டியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் ஊத்தி அரைச்ச காரைன்னு உங்க மாமா சொல்லுவாவ" என்று என்னிடம் தந்தார்கள்.

வாசல் திறக்கப் பத்து நாளாவது ஆகும். அதுவரை ராத்திரிக்கு அத்தை கட்டிலருகே வாடகைக்கு எடுத்த கமோட் நாற்காலி. முதல் நாள் மாட்டேன் என்றவர்கள் நேற்று ஒன்றும் சொல்லவில்லை.

நாளைக்கு எம்சாண்ட் வருகிறது. தார்சா ஓரத்தில் இறக்கச் சொல்லியிருக்கிறேன், அத்தை நடக்கிற பக்கம் வேண்டாம். ராத்திரி எட்டரைக்கு மாத்திரை, ஒரு செம்புத் தண்ணீர் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.