நான்கு ஓட்டையும் பொருந்தினால் போதாது

அத்தானின் அலாய் வீல்கள் என் காருக்கு, என் இரும்பு வீல்கள் அவர் காருக்கு என்று பேசி முடித்தபோது இவ்வளவு அலைச்சலை நான் எதிர்பார்க்கவில்லை. அவருடையது ஹூண்டாய், என்னுடையது மாருதி. இரண்டிலும் நட்டு ஏறும் ஆணிகளான ஸ்டட் நான்கு, அவை நிற்கும் வட்டம் 100 மி.மீ., வீலின் நடு ஓட்டை உட்காரும் ஹப் 54.1 மி.மீ. டயர் அளவும் ஒன்றே. தென்காசியில் ஒரு டயர் கடையில் ஆப்செட், அதாவது வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பது, சரியாக வருமா என்று கேட்டேன். "ஓட்டை பொருந்துகிறதா, இல்லையா? பிறகென்ன சார்?" என்று கடைக்காரர் என் வாயை அடைத்துவிட்டார்.

பையன் இரண்டு காரின் நட்டுகளையும் ஒரே தட்டில் கொட்டினான். இரண்டும் 12 மி.மீ. என்பதால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் மாருதிக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ., ஹூண்டாய்க்கு 1.5. ஒரு நட்டு இரண்டு சுற்று ஏறி இறுகிக்கொண்டது. அவன் ஏர் கன்னை எடுத்ததும் கையைப் பிடித்துத் தடுத்தேன். அந்த ஒரு ஸ்டட்டையாவது காப்பாற்றினேன். நட்டை விரலாலேயே முக்கால்வாசி ஏற்றிப் பாருங்கள். ஏற மறுத்தால் அது உங்கள் நட்டு அல்ல.

அடுத்து, என் வீல் அத்தான் கார் ஹப்பில் உட்காரவில்லை. அவருடைய அலாய் வீலின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிது. அந்த இடைவெளியை நிரப்பும் பிளாஸ்டிக் வளையங்கள் அலாயோடு வராமல் அவர் கார் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. பையன் அவற்றை நெம்பி எடுத்து மூலையில் எறிந்தான். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பாவூர்சத்திரம் தாண்டி வேகம் 80ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் நடுங்கியது. ஆலங்குளத்தில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னால் கர்ரென்று உராய்வு. பின் சீட்டில் அம்மா, மனைவி, மகள். வண்டியை ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தேன். டயரின் தோளில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு பளபளத்தது. தடவினால் கருப்புத் தூள். மட்கார்டின் மடிப்பு ரப்பரைச் சீவியிருந்தது.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக் வீலைக் கழற்றி, உள்பக்கத்துத் தூசியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். அகலம் 6 அங்குலம், இ.டி. 35 என்று அச்சு தெரிந்தது. டிக்கியில் கிடந்த என் ஸ்டெப்னியில் 5.5 அங்குலம், இ.டி. 45. இந்த இ.டி. எண்தான் ஆப்செட், அதாவது வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் வரை உள்ள தூரம். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். பத்து குறைந்ததற்கு 10 மி.மீ., அகலம் அரை அங்குலம் கூடியதில் பாதியான 6.35 மி.மீ. இரண்டும் சேர்ந்து 16 மி.மீ.க்கு மேல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அத்தான் காரில் என் வீலின் உள்விளிம்பு 4 மி.மீ.கூட உள்ளே போகவில்லை. அங்கே தொல்லையே இல்லை.

ஸ்டியரிங் நடுங்கியது வளையங்கள் இல்லாததால். அவற்றுக்காக மறுநாள் மறுபடி தென்காசி. போக வர 100 கிலோமீட்டருக்கு மேல். குப்பை காலையிலேயே போய்விட்டது என்றார்கள். கடைசியில் திருநெல்வேலியிலேயே புதிதாக வாங்கி மாட்டினேன். நடுக்கம் அடியோடு நின்றது, உராய்வு நிற்கவில்லை. ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தகடான ஸ்பேசர் போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் விற்கப் பார்த்தார். வாங்கிவிடாதீர்கள். ஸ்பேசர் வீலை இன்னும் வெளியேதான் தள்ளும்.

அடுத்த ஞாயிறு, அவரவர் வீல் அவரவர் காருக்கே திரும்பியது. இந்த முறை அத்தான் வீட்டு வாசலில், நாங்களே ஜாக்கி போட்டோம். நட்டுகள் இரண்டு தனித்தனி டப்பாவில், புது வளையங்கள் அலாய் வீலோடு. 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்தேன்.

சீவப்பட்ட டயர்கள் இரண்டும் அத்தானுடையவை. "விடு மாப்பிள்ளை, டயரின் உள்நூல் தெரியவில்லையே" என்கிறார். எனக்கு மனது கேட்கவில்லை. சம்பளம் வந்ததும் இரண்டு புது டயர் வாங்கித் தரப்போகிறேன்.