சப்பாத்தும் நடக்கும் அழுத்தமும்

போர்த்துக்கேய வினைகளை மனனம் செய்யத் தொடங்கிய பிறகுதான், வாசலில் கழற்றிவைத்த சப்பாத்து என் கண்ணில் புதிதாகப் பட்டது. அதன் போர்த்துக்கேய மூலச் சொல்லில் நடு அசை அழுத்தி ஒலிக்கப்படுகிறது. அழுத்தத்தால் பொருளைப் பிரித்தறியும் வழக்கம் இல்லாத நம் காது அதை நெடிலாக வாங்கி, ‘பா’ என நீட்டிக்கொண்டது. அலவாங்கின் ‘வா’வும் அலுமாரியின் ‘மா’வும் அவ்வாறு வந்தவையே. யன்னல் மட்டும் நெடில் ஏற்காமல், இந்த வரிசையில் சேராமல் அடம்பிடிக்கிறது.

1656இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்த போர்த்துக்கேயர் நம் பேச்சில் விட்டுச்சென்றவை பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். பெயரில் அழுத்தம் அநேகமாக ஓரிடத்தில் நிற்கும். வினையிலோ அது நடக்கும். பேசுதலைக் குறிக்கும் ‘ஃபலார்’ என்ற வினையில், ‘பேசுகிறேன்’ என்னும்போது அழுத்தம் முதலசைக்கு வந்து ‘ஃபாலு’ ஆகிறது. ‘பேசுகிறோம்’ என்னும்போது இரண்டாம் அசைக்கு நகர்ந்து ‘ஃபலாமுஷ்’ ஆகிறது. ‘பேசுவேன்’ என்னும்போது ஈற்றசைக்கே போய் ‘ஃபலரெய்’ ஆகிறது. யாப்பு படித்தவருக்கு இங்கே ஒரு சறுக்கல் உண்டு: ‘ஃபலாமுஷ்’ என்பதன் ‘ஃபலா’ நமக்கு ஒரே நிரையசை, முழுச்சொல் புளிமா என்னும் ஈரசைச் சீர்; போர்த்துக்கேயர் கணக்கிலோ அச்சொல் மூன்று அசை.

என்னை அதிகம் திணறடித்தவை ‘அவர்கள் பேசினார்கள்’, ‘அவர்கள் பேசுவார்கள்’ என்ற இரண்டும். முன்னது ‘ஃபலாரவ்’, பின்னது ‘ஃபலராவ்’. எழுத்தில் ஈறு வேறாக இருந்தாலும், ஒலியில் இரண்டும் ஒரே மூக்கொலியில் முடிவதால், இறந்தகாலத்தையும் எதிர்காலத்தையும் பிரிப்பது அழுத்தம் விழும் இடமே. நெடிலை இடம் மாற்றிச் சொல்லிப் பழகியபோதுதான் இவை என் நாவில் பிரிந்தன.

அசைப் பிரிப்பின் நுட்பத்தை வெளியேறுதலைக் குறிக்கும் ‘ஸஈர்’ என்ற வினையில் காணலாம். அகரமும் இகரமும் சேர்ந்தால் ஐகாரம் போல ஒலிக்கும் என்று படித்தவர்கள் நாம். ‘வெளியேறட்டும்’ என்னும் பொருளில் வரும் ‘ஸாய’வில் அவை அப்படியே கூடி ஓரசையாகின்றன. (எழுத்திலும் ஒலியிலும் இதே வடிவம் பாவாடைக்கும் பெயர், சிங்களத்தில் பாவாடையைச் ‘சாய’ என்பது அதன் வழி வந்தது.) ஆனால் ‘வெளியேறிக்கொண்டிருந்தான்’ என்பதற்கு அந்த இகரத்தின் தலையில் ஒரு சாய்கோடு இட்டுவிட்டால், கூட்டு உடைந்து ‘ஸ-ஈ-அ’ என மூன்றசையாகி, அழுத்தமும் நடுவில் போய் அமர்கிறது. அந்தக் கோட்டை விட்டுவிட்டு எழுதினால் காலமே மாறிவிடும்.

எல்லாக் கோடும் அவ்வளவு கண்டிப்பானதன்று. ‘பேசினோம்’ என்பதை ‘பேசுகிறோம்’ என்பதிலிருந்து பிரிக்கப் போர்த்துக்கலில் இடும் கோட்டை, போர்த்துக்கேய மொழி நாடுகளின் 1990ஆம் ஆண்டு எழுத்திலக்கண உடன்பாடு எழுதுபவரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. நான் இட்டே எழுதுகிறேன்.